கம்பத்தில் ஒன்று, மேகமலையில் நாலு

நம் தளத்தின் சினிமாப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவளிடம் அறிவுரை நிறைய இருக்கும் என்று அவர் நினைக்கிறார். என்னிடம் இருப்பது எரிச்சல்தான். அதைத் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

தேனி அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொண்ட காலம் முழுக்க எனக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று விமர்சகர். இன்னொன்று பிரவுசர் அப்டேட். இரண்டுமே நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்துவிட்டால், நேற்று வரை நன்றாக இருந்த எதையும் நன்றாக இருக்க விடுவதில்லை.

விமர்சகரின் பெயர் வேண்டாம். இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார், இதையும் படிப்பார், படித்துவிட்டு இரண்டு பத்திக்குக் குறையாமல் பதில் அனுப்புவார். வடுகபட்டிக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயாரோடு இருந்துகொண்டு உலக சினிமா முழுவதையும் பார்த்து முடித்தவர். தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் ஒரு நட்சத்திரம் போடுவார். மனசு நல்லா இருக்கும் நாளில் ஒன்றரை. வருஷக் கடைசியில் ‘விமர்சகரின் தேர்வு’ என்று பத்துப் படங்களைச் சொல்வார். அவற்றில் ஒன்றில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பாள். இன்னொன்றில் யாரும் எதையும் உரிக்கக்கூட மாட்டார்கள். ஒருமுறை போடியிலிருந்து ஒரு வாசகர் கீழே எழுதியிருந்தார்: ‘இந்தப் பத்துப் படமும் எந்த ஊரில் ஓடுகிறது? எந்த பஸ் ஏற வேண்டும்?’ நியாயமான கேள்வி. விமர்சகர் அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

பிரவுசர் கதை உங்களுக்கே தெரியும். காலையில் வந்து உட்கார்ந்தால் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். ‘என்ன புதிது என்று பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும். நான் பழையதைத் தேடிக்கொண்டிருப்பேன். பாஸ்வேர்டை மறந்துவிட்டு, நான் யார் என்று என்னையே விசாரிக்கும். எங்கள் புகைப்படக்காரர் பாண்டி ஒவ்வொரு அப்டேட்டின்போதும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்: “இது சனி புடிச்ச மெசினுக்கா. குச்சனூர் போயி எள்ளு வெளக்கு போட்டாத்தேன் சரிப்படும்.” கோயம்புத்தூரில் இருந்த எங்கள் தொழில்நுட்பத் தம்பி பிரவீன் சொல்லும் தீர்வுகளைவிட அது ஒன்றும் மோசமில்லை.

இந்த இரண்டு தொல்லைகளும் ஒரே நாளில் சேர்ந்து வந்தன. அது ஒரு வியாழக்கிழமை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கம்பத்தில் ஒரு சின்னப் படம் வெளியாகியிருந்தது. எடுத்தவர் முருகேசன் என்ற இளைஞர். மேகமலையில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். படம் எடுத்ததும் அங்கேதான். கதாநாயகியும் இன்னும் ஓரிரண்டு பேரும் தவிர, நடித்தவர்கள் எல்லோரும் தோட்டத்து ஆட்கள். மாவட்டத்திலேயே அதைத் திரையிட்டது ஒரே ஒரு தியேட்டர், கம்பத்தில் ராவுத்தர் அண்ணனின் தியேட்டர். தெரிந்த பையன் கேட்டானே என்று ஒரு காட்சி கொடுத்திருந்தார்.

நடித்தவர்களே அதுவரை படத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. போன ஞாயிறு மழையில் சின்னமனூர் பாதையில் மண் சரிந்து, ஜீப் இறங்க முடியாமல் போயிற்று. வருகிற ஞாயிறு எல்லோரும் வருவதாக இருந்தார்கள். ஆனால் அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடுமே. வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகரின் படம். எல்லாக் காட்சிகளையும் தனக்கே கேட்டார் அதன் விநியோகஸ்தர். சின்னப் படத்தை வைத்துக்கொள்வதா தூக்குவதா என்று வியாழன் சாயங்காலத்துக்குள் ராவுத்தர் பதில் சொல்லியாக வேண்டும். நம் விமர்சகர் வந்த படத்தைப் பற்றி வந்த வாரம் எழுதமாட்டார், ஊறவைத்துத்தான் எழுதுவார். அவருடைய விமர்சனம் அந்த வியாழன் காலையில்தான் தளத்தில் ஏறியது.

முதலில் முருகேசன் போன் செய்தார். மேகமலையில் டவர் கிடைக்கும் ஒரு பாறை மேல் நின்று பேசுகிறார் போல, காற்றுச் சத்தம்.

“அக்கா, நாலு ஸ்டார் போட்டுருக்காக. இங்கன எல்லாரும் பாத்துட்டோம். அவரு நாலெல்லாம் போடுவாரா அக்கா?”

எனக்கே ஆச்சரியம்தான். என் திரையைப் பார்த்தேன். நாலு. வாழ்த்துச் சொல்லி வைத்தேன்.

அடுத்து ராவுத்தர்.

“என்ன தங்கச்சி, இப்படிப் பண்ணிட்டாக? ஒரு ஸ்டாருன்னு போட்டுருக்காக. அந்தப் பய மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“ஒண்ணு இல்லண்ணே, நாலு.”

“ஒண்ணுதேன் தெரியுது.”

“கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்கண்ணே,” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “டிக்கெட் குடுக்குறவனும் ஒண்ணுங்கறான். கேன்டீன்காரனும் ஒண்ணுங்கறான். இங்கன எல்லாருமா கண்ணாடியத் தொடைக்கணும்?”

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கம் தப்பாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், உங்கள் திரையைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். அவருடைய திரையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் பாண்டியின் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அது முந்தின நாள்தான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம், அநாதையாக.

பிரவீனைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் எதையோ தட்டிவிட்டு விளக்கினார். நம் பக்கத்தில் நட்சத்திரங்களை வரைவது மிகப் பழைய முறை. புதிதாக வந்த அப்டேட் அந்த முறையைக் கைவிட்டுவிட்டது. அதனால் எத்தனை போட்டாலும் முதல் நட்சத்திரம் மட்டும்தான் தெரியும். புதுப்பிக்காத போனில் எல்லாம் சரியாகத் தெரியும். என் கணிப்பொறி அப்டேட்டே ஏறாத அளவுக்குக் கிழடு. மேகமலையில் அப்டேட் இறங்கும் அளவுக்கு டவர் கிடையாது. ஆக, மலை மேலே நாலு, கீழே ஒன்று.

“அப்ப எல்லாப் படத்துக்கும் ஒண்ணுதான தெரியுது? யாருமே கேக்கலையே?”

“நானும் பாத்தேன் மேடம். உங்க விமர்சகர் மத்ததுக்கெல்லாம் ஒண்ணுதானே போட்டிருக்கார். யாருக்கும் வித்தியாசம் தெரியல.”

“எப்ப சரியாகும்?”

“திங்கக்கிழமை.”

திங்கட்கிழமை சரியாகி யாருக்கு என்ன பயன்? நானே ஒரு வேலை செய்தேன். விமர்சனத்தின் தலைப்புக்குக் கீழே ‘மதிப்பீடு: நான்கு நட்சத்திரங்கள்’ என்று எழுத்தில் தட்டிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் பின்னூட்டங்கள் குவிந்தன. ‘காலையில் ஒன்று, மதியம் நாலு. சாயங்காலம் எவ்வளவு?’ என்று ஒருவர். ‘தங்கம் விலைகூட இப்படி ஏறாது’ என்று இன்னொருவர். ‘மேகமலையிலிருந்து ஏலக்காய் வந்து சேர்ந்திருக்கும்’ என்று மூன்றாமவர். அவருக்குத்தான் லைக் அதிகம். உண்மையைச் சொல்லித்தான் இவ்வளவு கெட்ட பேர் வாங்கினோம்.

ராவுத்தர் மறுபடி கூப்பிட்டார். “மேல நாலுன்னு எழுத்து இருக்கு. கீழ ஒரு ஸ்டார் நிக்கிது. நான் எதை நம்ப? கவுண்டர்ல வந்து போனை நீட்டி, ‘எது நெசம் பாய்’னு கேக்குறாக.”

நான் அவரிடம் அப்டேட் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “தங்கச்சி, நான் ஒன்னைய நம்புறேன். ஆனா சனம் நம்பாது,” என்றார்.

ஒரு முடிவுக்கு வந்தேன். நட்சத்திரங்கள், நான் எழுதியது இரண்டையும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். மேலே, ‘நட்சத்திரங்கள் சில போன்களில் தவறாகத் தெரிவதால் நீக்கியிருக்கிறோம். விமர்சனத்தைப் படித்துப் பாருங்கள்’ என்று போட்டேன். படித்தால் தெரிந்துவிடப் போகிறது. எண்ணூறு சொல் எழுதியிருக்கிறார் மனுஷன். படம் நல்லா இருக்கிறதா இல்லையா என்று எங்காவது சொல்லியிருக்கமாட்டாரா? ராவுத்தரிடமும் அதையே சொன்னேன்.

மதியம் தாண்டி அவர் பேசினார். குரலில் களைப்பு.

“படிச்சேன்மா. ரெண்டு தடவ படிச்சேன். படம் நல்லாருக்கா இல்லையாங்கறது மட்டும் அதுல இல்ல.”

நானும் அப்போதுதான் முழுசாகப் படித்தேன். எழுத்துப்பிழை பார்க்கிறவள் எழுத்துகளைத்தானே பார்ப்பேன்? அவர் சொன்னது சரி. ‘வெளியின் அரசியல்’ இருந்தது. ‘மௌனத்தின் இலக்கணம்’ இருந்தது. ஒரு பத்தி முழுக்கப் பனியைப் பற்றி. பாராட்டுகிறாரா, பழிவாங்குகிறாரா என்று பிடிபடவில்லை.

“நீ பாத்தியாம்மா படத்த?” என்றார் ராவுத்தர்.

“இல்லண்ணே. நீங்க?”

“தியேட்டர் வச்சிருக்கவனுக்குப் படம் பாக்க ஏது நேரம்? அஞ்சு மணிக்கு அந்த விநியோகஸ்தரு கூப்புடுவாரு. அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லு.”

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சபலம் வரும். எனக்கும் வந்தது. மேலே ஒரு வரி, ‘படம் நன்றாக இருக்கிறது, போய்ப் பாருங்கள்’ என்று நாமே சேர்த்துவிட்டால் என்ன? நாலு போட்டவர் அதைத்தானே சொல்லியிருப்பார்? ஆனால் அவர் பெயரில் அவர் சொல்லாத சொல்லைப் போட்டால், அந்த ஏலக்காய்க்காரர் சொன்னதும் நாம் செய்ததும் ஒன்றாகிவிடும். சொல்ல வேண்டியவரே சொல்ல வேண்டும்.

விமர்சகரின் செல்போன் அணைந்திருந்தது. எழுதும்போது அணைத்துவிடுவார். வீட்டு போனுக்கு அடித்தேன். எடுத்தவர் அவருடைய தாயார்.

“ஆத்தா, அவன் எழுதுறானே. எழுதும்போது கூப்புட்டா கடிப்பான்.”

“கடிச்சாலும் பரவாயில்லம்மா, கூப்புடுங்க.”

வந்தார். நடந்ததைச் சொன்னேன். தன் நாலு நட்சத்திரம் ஒன்றானது பற்றி அவர் கவலைப்படவில்லை. ராவுத்தர் இரண்டு முறை படித்தார் என்றதும் குரல் மலர்ந்தது.

“இரண்டு முறையா? என்ன சொன்னார்?”

“ஒண்ணும் புரியலன்னாக சார். இப்ப எனக்கு ஒரே ஒரு பதில் வேணும். படம் நல்லாருக்கா, இல்லையா?”

“செல்வராணி, அது அப்படிக் கேட்கக்கூடிய கேள்வியே இல்லை.”

“கேட்டாச்சு சார்.”

“ஒரு கலைப்படைப்பை நல்லது, கெட்டது என்ற எதிர்மைக்குள் அடைப்பது…”

“சார், அஞ்சு மணிக்குள்ள தியேட்டர்காரருக்குப் பதில் சொல்லணும். ஞாயித்துக்கெழம மேகமலைச் சனம் எறங்கி வருது. அவுக நடிச்ச படம்.”

எதிர்ப்பக்கம் மௌனம். இலக்கணம் உள்ள மௌனமா இல்லாத மௌனமா தெரியவில்லை. அந்த மௌனத்துக்குள் தாயாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏலே, எந்தப் படத்தக் கேக்குறாக? நேத்து என்னைய இழுத்துக்கிட்டுப் போனியே, அந்தத் தேயிலைப் படமா?”

“அம்மா, நீ சும்மா இரு.”

நான் விடவில்லை. “போன அம்மாகிட்டக் குடுங்க சார்.”

குடுக்கத் தேவையில்லாமல் அவரே வாங்கிவிட்டார் போல. “மதுரையில ஏற்கனவே பாத்துட்டானாம் ஆத்தா. ‘நீயும் பாக்கணும்மா’ன்னு என்னையக் கூட்டிக்கிட்டு, தேனியில பஸ் மாறி, கம்பம் வரைக்கும். முட்டி வலியோட போனேன். ஏசி நல்லாருந்துச்சு, நான் பாதியில தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா இவன் கண்ணத் தொடைக்கிறான். என்னடான்னேன். தூசிங்கறான்.”

போன் மறுபடி கை மாறியது. விமர்சகர் தொண்டையைச் செருமினார்.

“சார், அம்மா சொல்றது நெசமா?”

“அது விமர்சனம் இல்லை.”

“நெசமா, இல்லையா?”

“நடந்தது.”

“நீங்க அம்மாவக் கூட்டிட்டுப் போனத மட்டும் போடுறேன்.”

“என் இருபது வருஷ எழுத்துக்கு முன்னால் இதையா போடுவீர்கள்?”

“பொய்யின்னா சொல்லுங்க, போடல.”

நெடுமூச்சு கேட்டது. “போடுங்கள். ஆனால் கடைசியில் போடுங்கள்.”

கடைசி வரைக்கும் யார் வருகிறார்கள்? “மேலதான் சார் போடுவேன்,” என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஏதோ முனகிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போட்ட வாக்கியம் இதுதான்: ‘நம் விமர்சகர் இந்தப் படத்தை ஏற்கனவே மதுரையில் பார்த்தவர். நேற்று தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு, வடுகபட்டியிலிருந்து பஸ் மாறிக் கம்பத்துக்குப் போய் மறுபடியும் பார்த்தார்.’

தாயார் தூங்கியதைப் போடவில்லை. அது ஏசிக்குக் கிடைத்த பாராட்டு. கண்ணைத் துடைத்ததையும் போடவில்லை. போட்டிருந்தால் கூட்டம் இன்னும் வந்திருக்கும், தெரியும். ஆனால் அது அவர் எனக்குச் சொன்னதில்லை, அவர் தாயார் சொல்லி நான் கேட்டது. கையில் கிடைத்த உண்மை எல்லாமே பக்கத்துக்குப் போக வேண்டியது இல்லை. எது போகும், எது போகாது என்பதை உங்களுக்கு எந்த அப்டேட்டும் சொல்லித் தராது.

ராவுத்தர் ஐந்து மணிக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்.

“வடுகபட்டியிலருந்தா?”

“ஆமண்ணே.”

“கார்ல இல்ல, பஸ்ல?”

“பஸ்லதான்.”

“முட்டி வலிக்கிற மனுஷியவா?”

முட்டி வலி நான் எழுதாதது. முந்தின நாள் தியேட்டர் படியில் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டவர் ராவுத்தர்தான் என்று பிறகு தெரிந்தது, வந்தது யார் என்றே தெரியாமல்.

“சரி. வெள்ளி, சனி முடியாது. விநியோகஸ்தருகிட்ட என்னால மல்லுக்கட்ட ஏலாது. ஞாயித்துக்கெழம மத்தியான ஷோ அந்தப் பயலுக்கு. போயிச் சொல்லிரு.”

ஒரே ஒரு காட்சி. வெற்றி விழா எல்லாம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஜீப்புகளில் வந்து இறங்கினார்கள். பள்ளத்து வெயில் பழகாமல் ஸ்வெட்டரோடு வந்த இருவர் அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். படம் ஓட ஓடப் பேசினார்கள். “ஏ, ஒன் மாடுடி,” “அங்கன பாரு, ஒங்கப்பன் பீடி குடிக்காரு.” திரையில் யாரோ செத்துப்போன கட்டத்தில், செத்தவரே எழுந்து நின்று கும்பிட்டார். விமர்சகர் எழுதிய மௌனத்துக்கு அங்கே இலக்கணமும் இல்லை, இடமும் இல்லை. ராவுத்தர் கதவோரம் நின்று முழுப் படத்தையும் பார்த்தார். விளக்குப் போட்டதும், “நல்லாத்தேன் இருக்கு,” என்றார். விமர்சகருக்கு எண்ணூறு சொல் ஆனது.

அந்த வருஷக் கடைசியில் ‘விமர்சகரின் தேர்வு’ வந்தது. பத்துப் படங்களில் முருகேசன் படம் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு நேராக வடுகபட்டிக்கே போயிருப்பேன். போனில் கேட்டேன்.

“அம்மாவக் கூட்டிட்டுப் போயிப் பாத்தீங்களே சார். அது ஏன் இதுல இல்ல?”

“எனக்குப் பிடித்த படம் வேறு, செல்வராணி. சிறந்த படம் வேறு.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதி அனுப்புங்கள்.

மறுநாளே முருகேசன் அலுவலகத்துக்கு வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, டீ சொல்லி, விமர்சகரைத் திட்டுவதற்கு நானே நாலு வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தேர்வில் தன் படம் இல்லாதது அவருக்குப் பெரிதாகவே தெரியவில்லை. போனில் அந்தப் பழைய விமர்சனத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

“இந்த ஒரு பத்தி மட்டும் எனக்கு வெளங்கலக்கா. நல்லதோ கெட்டதோ, என்ன சொல்ல வர்றாருன்னு சொல்லுங்க.”

வாசித்தேன். ‘உழைப்பு உடலின் நினைவாக மாறி, தன்னுணர்வுக்கு வெளியே நிகழ்வதை, கொழுந்து பறிக்கையில் ஒருமுறையும் தன் விரல்களை நோக்காத நாயகியின் பார்வை நிறுவுகிறது.’

எனக்கும் ஒருமுறையில் பிடிபடவில்லை. இரண்டாம் முறை உடைத்து உடைத்துப் படித்தேன்.

“கொழுந்து பறிக்கும்போது அந்தப் பொண்ணு தன் கையப் பாக்கவே இல்லையாம் தம்பி. அவ்வளவு பழகிப்போன வேலைன்னு காட்டுதாம். அதைத்தான் சொல்றாரு.”

முருகேசன் டீயை மேஜையில் வைத்தார்.

“எங்கக்கா அப்படித்தேன் பறிப்பா. கையப் பாக்க மாட்டா. பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஸ்கூல் ஜீப்பு திரும்பி வருதான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு பறிப்பா. நடிச்ச பொண்ணு மதுரைக்காரி. அவ கண்ணு கைக்கே போகும். ‘கையப் பாக்காத, கையப் பாக்காத’ன்னு சொல்லிச் சொல்லியே சூட்டிங் இழுத்துக்கிட்டுப் போச்சு. கேமராக்காரரே கோவிச்சுக்கிட்டாரு. இதையெல்லாம் எவன் பாக்கப் போறான்னு கேட்டாரு.”

அவர் போனைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்துருக்காரேக்கா,” என்றார்.